பாட்டு பிறவிச் சொத்தா?

பள்ளிக்கூடத்தில் பாட்டு என்றால் பல இடங்களில் இன்றைக்கும் நடப்பது என்ன? நல்ல சாரீரமுள்ள நான்கு பிள்ளைகளைப் பொறுக்கி ஒலிபெருக்கிக்கு முன் நிறுத்துவதும், மற்றவர்களைப் பார்த்து, "உங்களுக்குக் குரல் வராது, சும்மா வாயை அசையுங்கள்" என்பதுமேயாகும். அப்படிச் சொல்லப்பட்ட பிள்ளை தனக்குப் பாட்டு வராது என்று ஆயுள் முழுவதும் நம்பிக் கொண்டிருக்கின்றது. பெற்றோர்களோ, "அதெல்லாம் வம்சத்தில் இருக்க வேண்டும்" என்று முடிவு கட்டி விடுகிறார்கள்.

கணக்கு வராத பிள்ளையை, "உனக்குக் கணக்கு எழுதி வைக்கவில்லை, பலகையைக் கீழே வை" என்று சொல்லும் உபாத்தியாயரை நாம் ஒப்புக் கொள்ளுவோமா? பாட்டுக்கு மாத்திரம் ஏன் இந்தத் தலையெழுத்து என்று கேட்கின்றோம்.

இங்கிலாந்தில் நடந்ததைப் பார்ப்போம். நார்விச் நகரத்தில் சாரா குளோவர் என்னும் அம்மையார் பாட்டுக் கற்பிக்க ஓர் எளிய முறையைக் கண்டு 1835-ல் புத்தகமாய் வெளியிட்டார். 1841-ல் பள்ளி உபாத்தியாயர்கள் கூட்டமொன்று, பிள்ளைகளுக்குச் சுலபமாய்ப் பாடக் கற்றுக் கொடுக்க வழி தேடும்படி ஜான் கர்வென் என்னும் பாதிரியாரைக் கேட்டுக் கொண்டது. அவரோ சங்கீதப் பயிற்சி இல்லாதவர். அவர் அந்த அம்மையாரின் முறையைத் தாமே கற்று, திருத்தி, நாடெங்கும் பரப்பினார். ஸ்வரங்களைச் சாதாரண அச்செழுத்துக்களாலேயே குறித்ததால் ஏழைத் தொழிலாளியும் வாங்கிப் படிக்க முடிந்தது. 1857-ல் லண்டன் பளிங்கு மாளிகையில் சுமார் 3000 பிள்ளைகள் ஒன்றாய் நின்று பாடினார்கள். அத்தனை பேருமா வம்சத்தில் சங்கீதம் வைத்திருந்தார்கள்?

கர்வென் பரப்பிய கைச் சைகைகளைப் பிற்காலத்தில் ஹங்கேரி நாட்டாரும் எடுத்துக் கொண்டார்கள். அங்கே கோடாய் என்னும் இசை அறிஞர், கிராமத்து ஜனங்களின் பாட்டையே பாடமாக வைக்க வேண்டும் என்றார். அவர் பிறந்த ஊரில் 1950-ல் தொடங்கிய பள்ளிக்கூடத்தில் பாட்டும் தினசரிப் பாடமாயிற்று.

நமக்கு இதில் கஷ்டம் என்ன? அவர்கள் டோவை எந்த உயரத்திலும் வைத்துக் கொள்ளுவது போலவே, நமது 'ச'வையும் தொண்டைக்குத் தக்கபடி வைத்துக் கொள்ளலாம். உபாத்தியாயர் தம் சுருதிக்குப் பிள்ளைகளை இழுக்காமல், பிள்ளைகளின் சுருதிக்குத் தாம் வர வேண்டும். வகுப்பில் பாதிப் பேர் 'ச'வைப் பிடித்து நிற்க, மீதிப் பேர் ச ரி க ம பாடட்டும். பிறகு மாறிக் கொள்ளட்டும். தடுமாறும் பிள்ளையை வெளியே தள்ளாமல், நிலையாய்ப் பாடும் இருவருக்கு நடுவில் நிறுத்தினால் அதன் காது தானே பழகும். பக்கத்தில் இருப்பவன் குரலைக் கேட்டு, அதை அமுக்காமலும் அதற்குள் ஒளியாமலும் தன் குரலைச் சேர்ப்பதுதான் கூட்டுப் பாட்டு. இந்தப் பழக்கம் பாட்டுக்கு மாத்திரமா பயன்படும்?

தமிழ்த்தாய் வாழ்த்து 2021-ல் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது. காலை தோறும் பள்ளிக்கூடங்களில் பாடப்படுகின்றது. நான்கு பேர் பாட நானூறு பேர் வாய் மூடி நிற்பதற்கு வாழ்த்து என்று பெயரா? கூட்டுப் பாட்டிற்குத் தினம் கால் மணி நேரமாவது ஒதுக்கி, ஒருவரையும் விலக்காமல் கற்றுக் கொடுக்கட்டும். அதன் பிறகும் பாட்டு வராத பிள்ளை எத்தனை பேர் என்று எண்ணிச் சொல்லட்டும். அது வரையில், வராதது பிள்ளைக்கல்ல, நமக்குக் கற்றுக் கொடுக்கத்தான் வரவில்லை என்றே சொல்லுவோம்.