தகட்டுக்கு இரண்டாம் பதிப்பு

புத்தகத்தின் கடைசியில் பிழைதிருத்தப் பட்டியல் ஒன்று ஒட்டியிருப்பதை நேயர்கள் பார்த்திருப்பார்கள். அதை முதலில் படித்துவிட்டுப் பிறகு புத்தகத்தைத் தொடங்கும் புண்ணியவான் யார்? இரண்டாம் பதிப்பு வந்தாலொழியப் பிழை பிழையாகவேதான் நிற்கும். கணினி உலகத்திலும் இதே சங்கடம் இருக்கிறது.

1991-ம் வருஷத்தில் பின்லாந்து தேசத்து மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிவைத்த லினக்ஸ், இன்று டெபியன், பெடோரா முதலிய பல பெயர்களில் விலையின்றிக் கிடைக்கிறது. குறுந்தகட்டிலோ பென் டிரைவிலோ பதிந்து, அதிலிருந்து கணினியில் நிறுவிக்கொள்ளலாம். ஆனால் தகடு வெளிவந்த சில நாட்களுக்குள்ளேயே திருத்தங்கள் வரத் தொடங்கிவிடுகின்றன. அவற்றையும் சேர்த்துப் புதுத் தகடு வெளியிடுவதா? அல்லது நிறுவிய பிறகு அவரவர் இணையத்தின் வழியே பெற்றுக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவதா? இதில் இரண்டு கட்சிகள் உண்டு.

பெடோராவில் ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒரு புது வெளியீடு வருகிறது. இடையில் வீட்டுக் கணினிக்கான அதிகாரபூர்வமான தகட்டைப் பொதுவாக மாற்றுவதில்லை. மாற்றினால், பலவிதமான கணினிகளில் அதை மறுபடியும் சோதித்தாக வேண்டும். அந்த உழைப்பை அடுத்த வெளியீட்டுக்குச் செலவிடலாமே என்பது இந்தக் கட்சிக்குள்ள நியாயம். டெபியனிலோ, ஏறக்குறைய இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, பாதுகாப்புத் திருத்தங்களையும் முக்கியமான பிழைதிருத்தங்களையும் மட்டும் திரட்டிப் புதுத் தகடு வெளியிடுகிறார்கள். பழைய தகட்டை எறிந்துவிட வேண்டியதில்லை என்றும் கூடவே சொல்கிறார்கள்.

சேர்ப்பதில் அபாயமே இல்லை என்று சொல்வதற்கில்லை. 2023-ம் வருஷம் டிசம்பர் 9-ந் தேதி டெபியன் 12.3 வெளிவர இருந்தது. அதில் சேர்ந்திருந்த புதிய கெர்னல், சேமித்த கோப்புகளையே கெடுத்துவிடக்கூடும் என்று கடைசி வேளையில் தெரிந்தது. உடனே தகட்டை நிறுத்தினார்கள். குறையை நீக்கி மறுநாள் 12.4 என்று வெளியிட்டார்கள். மருந்தே நோயாக இருந்த கதை இது.

ஆயினும் சேர்ப்பதே மேல் என்பது நமது அபிப்பிராயம். பிழை நிறுவும் கருவியிலேயே இருந்துவிட்டால், பின்னால் வரும் திருத்தத்தினால் என்ன பிரயோஜனம்? கதவே திறக்காத வீட்டுக்குள் தச்சன் எப்படி நுழைவான்? புதிய கணினியின் உறுப்புகளைப் பழைய கெர்னல் அடையாளம் கண்டுகொள்ளாமல் போவதும் உண்டு. மேலும், இணைய வேகம் குறைந்த ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தை யோசித்துப் பாருங்கள். பத்துக் கணினிகளும் ஒரே திருத்தங்களைத் தனித்தனியே இறக்கிக்கொள்ள வேண்டியிருந்தால், அது முடிகிற வரையில் பத்தும் தெரிந்த ஓட்டைகளோடுதான் இருக்கும். சௌகரியம் உள்ளவனுக்கு இரண்டு முறையும் ஒன்றே. இல்லாதவனுக்குத்தான் தகடு முக்கியம்.

ஆகவே வாரந்தோறும் வருவதையெல்லாம் அள்ளிப் போடாமல், தேர்ந்த திருத்தங்களை, சோதித்த பின், எண்ணும் தேதியும் இட்டுச் சேர்ப்பதே தக்கது. 12.3-ஐ நிறுத்திய கை சோதனையின் கைதான். அந்தக் கை இருக்கும் வரையில் பயமில்லை.

நிறுவப் போகும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை: கையிலுள்ள தகட்டின் எண்ணையும் தேதியையும் பாருங்கள், புதியது வந்திருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். நிறுவி முடித்ததும் மீதித் திருத்தங்களைப் பெற மறக்காதீர்கள். இரண்டாம் பதிப்பிலும் பிழை இருக்கும். முதற் பதிப்பைவிடக் குறைவாக இருக்கும், அவ்வளவுதான்.