நிமிடத்துக்கு 60 சொல்: எந்த மொழியின் கணக்கு இது?

கொஞ்சம் நீளமான பதிவு. முழுவதும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

மூன்றாம் வகுப்புக் குழந்தை, முன்பின் பார்க்காத ஒரு பத்தியை நிமிடத்துக்குக் குறைந்தது 60 சொல் வேகத்தில், பொருள் புரிந்து வாசிக்க வேண்டும். ஒன்றிய அரசு 2021இல் தொடங்கிய நிபுண் பாரத் திட்டத்தின் இலக்கு இது. 2026-27க்குள் எட்டிவிட வேண்டுமாம். ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து, சின்ன வகுப்புகளிலேயே காலம் தள்ளி ஓய்வு பெற்ற இடைநிலை ஆசிரியன் கேட்கிறேன்: எந்த மொழியின் 60 சொல்?

ஆங்கிலத்தில் "தே ஆர் ரீடிங்" என்றால் மூன்று சொல். தமிழில் "படித்துக்கொண்டிருக்கிறார்கள்" ஒரே சொல். எண்ணிப் பாருங்கள், 15 எழுத்து. எட்டு வயதுப் பிள்ளை இதைப் பிரித்து, கூட்டி, பொருளையும் பிடிக்க வேண்டும். 2022இல் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளிடம் நாடு முழுவதும் அடிப்படைக் கற்றல் ஆய்வு நடத்தியபோது, வாசிப்புக்கு மொழிவாரியாகத் தனித்தனி அளவு வைத்தார்கள். வித்தியாசம் மேலே இருப்பவர்களுக்கும் தெரியும். ஆனால் இலக்குப் பட்டியலில் 60 அப்படியே நிற்கிறது.

இலக்கே கூடாது என்பவன் இல்லை நான். இலக்கில்லாத வகுப்பு சந்தைக்கடை. ஆனால் அந்த இலக்கு குழந்தையின் கைக்கு எட்டுவதாக இருக்க வேண்டும். ப, ட, ம மூன்று எழுத்தும் ஒரு புள்ளியும் தெரிந்தால் போதும். படம், மடம், பட்டம், மட்டம் நான்கையும் ஒன்றாம் வகுப்புக் குழந்தை தானே வாசித்துவிடும். அதுதான் அந்த வாரத்து இலக்கு. அடுத்த வாரம் துணைக்கால். அதற்கடுத்து ஒற்றைக்கொம்பு. "டீச்சர், எனக்குக் கொம்பு வந்துடுச்சு" என்று குழந்தை வந்து சொல்ல வேண்டும். எங்கே நிற்கிறோம், அடுத்தது என்ன என்று குழந்தைக்கே தெரிகிற இலக்குதான் இலக்கு. மற்றதெல்லாம் புள்ளிவிவரம்.

சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கி, பின்னர் மாநிலம் முழுக்க வந்த செயல்வழிக் கற்றலில் ஆயிரம் குறை சொல்லலாம். அட்டைகள் கிழிந்தன, ஆசிரியர் போதவில்லை. ஆனால் சுவரில் ஓர் ஏணி இருந்தது. தான் எந்தப் படியில் இருக்கிறோம் என்று குழந்தை விரல் வைத்துக் காட்டியது. இன்று அந்த ஏணி ஆசிரியரின் கைப்பேசிக்குள் போய்விட்டது. குழந்தை கண்ணில் படுவதில்லை.

2022இல் நம் மாநிலத்தில் எண்ணும் எழுத்தும் வந்தது. எட்டு வயதுக்குள் எல்லாக் குழந்தைக்கும் எழுத்தறிவு, எண்ணறிவு. 2025க்குள் என்று கெடு. நோக்கத்தை இரு கை கூப்பி வரவேற்கிறேன். அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிப்பதும் நல்ல யோசனைதான். வகுப்பு எண்ணைப் பார்க்காமல் குழந்தையின் நிலையைப் பார் என்கிறது. ஆனால் கெடு வைத்த இலக்குக்கு ஒரு குணம் உண்டு. தேதி நெருங்க நெருங்க, குழந்தையை உயர்த்துவதைவிடப் பதிவை உயர்த்துவது சுலபமாகிவிடும். மாலையில் என் வீட்டுத் திண்ணைக்கு நாலைந்து பிள்ளைகள் படிக்க வருகிறார்கள். அதில் நாலாம் வகுப்புப் பிள்ளை ஒன்றுக்கு ரேஷன் கடைப் பலகையை வாசிக்க வரவில்லை. எந்தப் பதிவேட்டில் அது எந்த மலராக மலர்ந்ததோ!

செயல்பாடுகளின் கதியும் இதேதான். முகமூடி கட்டி ஆடினார்கள், பாடினார்கள், புகைப்படம் எடுத்தாயிற்று. சரி, என்ன கற்றார்கள்? 52இல் 27ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதும் குழந்தை எல்லா வகுப்பிலும் உண்டு. ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிடும். அதற்கு மருந்து, பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குச்சி. ஐந்து கட்டும் இரண்டு உதிரியும் கையில் கொடுங்கள். ஏழு எடுக்க உதிரி போதாது, ஒரு கட்டை அவிழ்க்க வேண்டும் என்று குழந்தையின் விரலே கண்டுபிடிக்கும். காசு செலவில்லை. படத்துக்கு அழகாகவும் இருக்காது. ஆனால் ஒரு செயல்பாடு, ஒரு இலக்கு, ஒரு தடை. இந்த மூன்றும் பொருந்தினால்தான் அது கற்றல்.

"எங்கள் காலத்தில் ஸ்லேட்டும் பிரம்பும் போதுமாக இருந்தது" என்று கிளம்பும் என் வயதுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. போதுமாக இருந்தது உங்களுக்கும் எனக்கும். நம்மோடு ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்து, ஐந்தாம் வகுப்புக்குள் மாடு மேய்க்கப் போனவர்களைக் கேட்டுவிட்டு வந்து பேசுங்கள்.

அதிகாரிகளிடம் நான் கேட்பது மூன்றுதான். வார இலக்கை வகுப்பாசிரியர் வைக்கட்டும். மேலிருப்பவர்கள் ஆண்டு இலக்கை மட்டும் வைக்கட்டும். ஈராசிரியர் பள்ளியில் மூன்று வகுப்பை ஒருவர் சேர்த்துப் பார்க்கும்போது, பதிவேற்றும் வேலையையும் அவர் தலையில் கட்டாதீர்கள். பார்வையிட வருகிறவர் கைப்பேசியைப் பையில் வைத்துவிட்டு, கடைசி வரிசைக் குழந்தை பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிக் கேட்கட்டும்.

"வரவில்லை" என்று உள்ளபடி எழுதும் ஆசிரியருக்கு விளக்கக் கடிதம் கேட்டுத் தாள் வந்தால், அடுத்த முறை அவர் "வந்தது" என்றுதான் எழுதுவார். அப்புறம் அந்தக் குழந்தைக்கு வராததை யாரும் தேட மாட்டார்கள். ஆறாம் வகுப்பில் அறிவியல் புத்தகத்தைத் திறக்கும் நாளில் அது தனியாக மாட்டிக்கொள்ளும்.

பெற்றோர்களே, இன்று இரவு பிள்ளையிடம் மதிப்பெண் கேட்காதீர்கள். அது பார்க்காத ஒரு பத்தியைக் கொடுத்து, நிதானமாக வாசிக்கச் சொல்லுங்கள். கடிகாரம் பார்க்க வேண்டாம்.