வீட்டில் சங்கு ஊதுவது எப்போது?

1923 மே 1 அன்று சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே நாள் கொண்டாடினார். எட்டு மணி நேர வேலைக்காக எழுந்த குரல் தமிழகத்திலும் ஒலித்தது. நூறாண்டு கழித்து, 2023 ஏப்ரலில், பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன, மே 1 அன்று அது திரும்பப் பெறப்பட்டதாக அறிவிப்பு வந்தது.

ஆலைக்குச் சங்கு உண்டு. அடுப்படிக்கு?

திருப்பூர் பனியன் கம்பெனியில் பகலெல்லாம் தைத்துவிட்டு வரும் தாய்க்கு இரண்டாம் ஷிப்ட் வாசற்படியில் தொடங்குகிறது. 2024-ஆம் ஆண்டில் நடுவண் அரசு எடுத்த கணக்கு சொல்கிறது: ஊதியமில்லா வீட்டு வேலைக்குப் பெண் தருவது நாளொன்றுக்கு 289 நிமிடம், ஆண் 88. அந்த 88-ம் வீட்டு வேலையில் கைவைக்கும் ஆண்களின் சராசரிதான். அடுப்படிப் பக்கம் திரும்பியும் பாராத மகானுபாவர்கள் அதில் சேர்த்தி இல்லை!

“ஒன்பது மணிக்கு மேல் என்னை எதற்கும் கூப்பிடாதீங்க, ஞாயிறு காலையில் பிள்ளை உங்க பொறுப்பு” என்று அவள் சொன்னால், திமிர் என்கிறார்கள் நம் தோழர்களிலும் சிலர். நாம் ஓவர்டைம் மறுத்தால் உரிமை. அவள் மறுத்தால் திமிரா? எட்டு மணி நேரம் கேட்ட தொழிலாளியைப் பார்த்து முதலாளி சொன்னதும் இதே சொல்தானே!

தோழர்களே, கிளைக் கூட்டத்தை எட்டு மணிக்குள் முடியுங்கள். தாமதமானால் சோற்றோடு அவளைக் காத்திருக்க வைக்காதீர்கள். நீங்களே போட்டுச் சாப்பிட்டு, தட்டையும் கழுவி வையுங்கள்.