சிரிக்க வைத்து ஊரைக் காட்டுங்கள்

புதுச்சேரியைச் சுற்றிக் காட்டுவதற்கு நகைச்சுவைக் கலைஞர்கள் வர வேண்டும். பாரதி பூங்காவின் ஆயி மண்டபம் ஒன்றே போதும். கோயில் என்று நினைத்துக் கிருஷ்ணதேவராயர் கும்பிட்ட மாளிகை ஆயி என்ற தாசியின் வீடாம். கோபத்தில் மன்னர் இடிக்கச் சொல்ல, ஆயி அங்கே குளம் வெட்டி ஊருக்குத் தண்ணீர் தந்தாள் என்பது கதை. அவள் நினைவாக மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுந்த அந்த மண்டபம் இன்று புதுச்சேரி அரசின் சின்னம். மன்னரின் கும்பிடுக்குச் சிரித்தவர்கள் ஆயியை மறக்க மாட்டார்கள். வெள்ளைக்கார வீதிகளின் மஞ்சள் சுவர்களோடு நின்றுவிடாமல், ஊரைப் பிரிக்கும் வாய்க்காலைத் தாண்டித் தமிழர் பகுதிக்கும் அந்தச் சிரிப்பு வரட்டும். ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் நாட்குறிப்பு எழுதிய ஊரில் சொல்லக் கதைக்கா பஞ்சம்? அதிகாரத்தைப் பார்த்துச் சிரிக்கப் பழகிய ஊர்தான் தன் வரலாற்றைக் காப்பாற்றும்.