"சாதாரணம்" என்னும் பொய்

குருதிப் பரிசோதனைத் தாளில் கிரியேற்றினின் 1.2 என்றிருந்தால் "எல்லாம் சாதாரணம்" என்று சொல்லி அனுப்பிவிடுவது நம்மிடையே வழமையாகிவிட்டது. உயிர் குடிக்கும் வழமை இது.

கிரியேற்றினின் தசைகளில் உண்டாகும் கழிவு. அதனைச் சிறுநீரகங்கள் வடிகட்டி வெளியேற்றுகின்றன. அத்திறன் ஏறக்குறையப் பாதியாகக் குன்றும்வரை குருதியில் இதன் அளவு வரம்பைத் தாண்டாமலே இருக்கக்கூடும். தசை குறைந்த உடலில் அது உண்டாவதும் குறைவு. ஆகவே டெசிலீற்றருக்கு 1.2 மில்லிகிராம் என்பது 25 வயது இளைஞரிடம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 86 மில்லிலீற்றர் வடிகட்டும் திறனைக் குறிக்கும்; 65 வயதுப் பெண்ணிடமோ ஏறத்தாழ 50 மட்டுமே. மூன்று மாதங்களுக்கு மேலாக 60க்குக் கீழே நின்றால் அது நாட்பட்ட சிறுநீரக நோய். அந்தத் தாயாரையும் "சாதாரணம்" என்றுதானே வீட்டுக்கு அனுப்புகிறோம்?

வயதையும் பாலினத்தையும் சேர்த்து இத்திறனைக் கணிக்க மேலதிகக் குருதி வேண்டாம். ஒரு சூத்திரம் போதும். ஆயினும் பல ஆய்வுகூடத் தாள்களில் அந்த ஒரு வரி இல்லை. இது வறுமையால் வந்த குறையன்று, அசட்டையால் வந்தது.

இலங்கையில் இந்த அசட்டைக்கு மன்னிப்பே கிடையாது. 1990களிலிருந்து மதவாச்சி, பதவியா முதலிய இடங்களின் விவசாயிகளைக் காரணம் துலங்காத சிறுநீரக நோய் வாட்டி வருகிறது. வவுனியாவும் தப்பவில்லை. நீரிழிவோ உயர் குருதி அமுக்கமோ இல்லாதவர்களையும் அது பீடிக்கிறது. சிறுநீரில் புரதம் பெரும்பாலும் சொற்பமாகவே தென்படும். அறிகுறிகள் பிந்தியே வரும். அங்கே கிரியேற்றினினைத் தவறாக வாசிப்பது நோயாளியைக் கைவிடுவதாகும்.

நீரிலுள்ள புளோரைட்டா, விவசாய இரசாயனமா, வெயிலில் உடல் வற்றுவதா என்ற வாதம் ஓயவில்லை. 2015இல் கிளைபோசேற்றைத் தடைசெய்தார்கள். 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்த்தினார்கள். வாதம் நடக்கட்டும். நோயாளியை இனங்காணக் காரணம் தெரியும்வரை காத்திருக்க வேண்டியதில்லையே!

"கண்டுபிடித்து என்ன பயன்? மீளாத நோய்தானே" என்பாரும் உளர். இழந்த திறன் மீளாதுதான். ஆனால் வலிநிவாரணி மாத்திரைகளைத் தவிர்த்து, குருதி அமுக்கத்தையும் சீனியையும் கட்டுப்படுத்தினால் எஞ்சியதை நெடுங்காலம் காக்கலாம். இயந்திரத்தில் குருதி சுத்திகரிக்கும் நாளைத் தள்ளிப்போடலாம்.

சுகாதார அமைச்சு ஒவ்வோர் ஆய்வுகூடமும் அவ்வரியை அச்சிட வேண்டுமெனப் பணிக்கட்டும். அதுவரை, எந்நாட்டில் வாழ்ந்தாலும், "என் சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது?" என்று வைத்தியரிடம் கேளுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் சிறுநீரில் அல்புமின் பரிசோதனையையும் கேட்டுப் பெறுங்கள். விடை இலக்கமாக வரும்வரை எழுந்து வராதீர்கள்.