எதிர்பாராத கர்ப்பமும் குடும்ப மருத்துவரும்: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

மாமியாரின் சர்க்கரை, மாமனாரின் மூட்டுவலி, பேரனின் காய்ச்சல் எல்லாவற்றுக்கும் ஒரே மருத்துவர் என்பது நம் சிற்றூர்களில் இன்றும் உள்ள வழக்கம். அதே வீட்டு மருமகளோ கல்லூரிக்குப் போகும் மகளோ தனியாக வந்து, "நாள் தள்ளிப் போயிருக்கு டாக்டர்" என்று சொன்னால், அவர் அந்தப் பெண்ணுக்கு மட்டுமே மருத்துவர். குடும்பத்துக்கு அல்ல. எங்கள் நிலைப்பாடு முழுவதும் இதிலிருந்துதான் வருகிறது.

முதலில் ரகசியம். கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்ணின் அடையாளத்தை வெளியிடும் மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறை என்கிறது கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தம். ஆலோசனை கேட்க மட்டும் வந்தவருக்கும் அதே காப்பு வேண்டும் என்கிறோம் நாங்கள். காத்திருப்போர் நடுவே பெயர் சொல்லி அழைத்து, யூரின் ரிசல்ட் வந்துவிட்டதாக உதவியாளர் அறிவிப்பதும் எங்களைப் பொறுத்தவரை மீறல்தான்.

18 வயது நிறைந்த பெண்ணின் சம்மதம் மட்டுமே போதும். கணவர் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை. எனவே மருத்துவரும் கேட்கக்கூடாது. சிறுமி என்றால் பாதுகாவலரின் எழுத்துபூர்வ சம்மதம் தேவை, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தகவலும் தர வேண்டும். ஆனால் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் அவள் பெயரை அந்தத் தகவலில் சொல்ல வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இதை அவளிடம் முன்னதாகவே சொல்லுங்கள். போலீஸ் என்ற சொல்லைக் கேட்டதும் எழுந்து போகிற சிறுமி அடுத்து யாரிடம் போவாள் என்பது நமக்குத் தெரியும்.

நாள் கணக்கிலும் பலர் தடுமாறுகிறார்கள். கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்தே வாரங்கள் எண்ணப்படுகின்றன. 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20 முதல் 24 வாரம் வரை குறிப்பிட்ட நிலைகளில் உள்ள பெண்களுக்கு இருவர் கருத்து தேவை. திருமணமாகாதவர்களும் இதில் அடங்குவர் என்பது அதே 2022 தீர்ப்பு. "வீட்டில் பேசிவிட்டு அடுத்த வாரம் வாம்மா" என்று அனுப்பும்போது இந்தக் கணக்கு நினைவில் இருக்க வேண்டும். அவள் நேராக மருந்துக் கடைக்குப் போய் மாத்திரை வாங்கி விழுங்குவதும் நடக்கிறது. கருக்குழாயில் தங்கிய கருவை அந்த மாத்திரை கலைக்காது. ரத்தப்போக்கு தொடங்கியதும் எல்லாம் முடிந்தது என்று அவள் நம்பிவிட்டால், உயிரே போகலாம்.

என்ன செய்வது என்ற முடிவு அவளுடையது. குழந்தையைப் பெற்றெடுக்க விரும்பினால் கர்ப்பப் பதிவும் பரிசோதனைகளும் அன்றே தொடங்கட்டும். பெற்றாலும் வளர்க்க வழியில்லை என்றால், குழந்தைகள் நலக் குழுவிடம் சட்டப்படி ஒப்படைக்கலாம் என்பதையும், மறுபரிசீலனைக்கு 60 நாள் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். கருக்கலைப்பில் மனம் ஒப்பாத மருத்துவர்கள் எங்களிடையே உண்டு, அவர்களை மதிக்கிறோம். அவர்கள் அதை வெளிப்படையாகச் சொல்லி, அன்றைக்கே வேறு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். பாவ புண்ணியம் பேசுவதை ஆலோசனை என்று ஏற்கமாட்டோம்.

எந்த முடிவானாலும் இரண்டு வாரத்தில் அவளைத் திரும்ப வரச் சொல்லுங்கள். ரத்தப்போக்கு, தூக்கம், கருத்தடை பற்றிக் கேளுங்கள். வீட்டில் அடி உதை உண்டா என்பதையும் தனியாகக் கேளுங்கள்.

அரசிடம் ஒரு கோரிக்கை: அங்கீகாரம் பெற்ற கருக்கலைப்பு மையங்களின் மாவட்டவாரிப் பட்டியலை ஒவ்வொரு சிறு கிளினிக்குக்கும் அனுப்பி, அவ்வப்போது புதுப்பித்துத் தர வேண்டும்.