மருந்து தெளிக்குமுன் ஒரு படம்

பல வருடங்கள் பற்றை மண்டிக் கிடந்த வயலைத் திருத்தி விதைக்கும் குடும்பத்திற்கு முதற்போகம் மிக முக்கியமானது. விதைநெல்லும் கடன், உழவுக் கூலியும் கடன். இந்நிலையில் பயிரில் ஏதோவொரு பூச்சி ஊர்வதைக் கண்டால் மனம் பதறுகிறது. மேலும் கடன்பட்டுக் கிருமிநாசினி வாங்கி, அன்று மாலையே தெளித்து விடுகிறோம். கண்ட பூச்சி எதுவென்று கேட்டால் எம்மில் பலருக்குச் சொல்லத் தெரியாது.

போத்தலைத் திறக்குமுன் அந்தப் பூச்சியை மிகக் கிட்டவாக ஒரு படம் பிடிக்க வேண்டும் என்பதே எனது கருத்து.

“சாப்பாட்டுக்கே வழியைக் காணோம், படம் பிடிப்பதா?” என்று சிலர் சிரிக்கக்கூடும். பூச்சிகளையும் சிலந்திகளையும் பெரிதாகப் படம் பிடிப்பது வசதியுள்ளோரின் பொழுதுபோக்காகவே முன்பு இருந்தது. இன்று எமது வீடுகள் பலவற்றில் கைத்தொலைபேசி இருக்கிறது. அதன் கமராவின் முன் ஒரு கைவில்லையை ஒட்டிப் பிடித்தால், கடுகளவு பூச்சியின் கண்ணும் காலும் தெரியும்.

அப்படிப் பார்த்தால் என்ன தெரியவரும்? நெற்பயிரின் அடியில் ஓடித்திரியும் ஓநாய்ச் சிலந்தியை எடுத்துக்கொள்வோம். இது வலை பின்னி இரை பிடிப்பதில்லை, ஓடிப் பிடிக்கும். எட்டுக் கண்களில் நான்கு சிறியவை கீழ்வரிசையில் இருக்கும். தாய்ச் சிலந்தி முட்டைப்பையை வயிற்றின் பின்முனையில் ஒட்டிக் காவித் திரியும். குஞ்சுகள் வெளிவந்ததும் முதுகில் சுமக்கும். ஒரு சிலந்தி நாளொன்றுக்கு 5 முதல் 15 பூச்சிகள் வரை தின்னும். எமது நெல்லை எரிந்ததுபோலாக்கும் கபில நிறத் தத்தியும் அதற்கு இரை.

கண்டபடி மருந்தடித்தால் முதலில் அழிவது இந்தக் காவற்காரனே. தத்தியின் முட்டைகளோ இலைமடலுக்குள் பத்திரமாக இருக்கும். ஏறக்குறைய ஒரு வாரத்தில் அவை பொரிக்கும்போது தின்பதற்குச் சிலந்தி இராது. தத்தி முன்னரிலும் பெருகும், கடனும் பெருகும். இந்த அனுபவத்தின் பின்னரே இந்தோனேசிய அரசு 1986இல் நெல்லுக்குப் பாவித்த 57 வகை மருந்துகளைத் தடைசெய்தது.

எல்லாப் பூச்சியும் நண்பன் என்று நான் சொல்லவில்லை. 2018இல் எமது நாட்டுச் சோளப் பயிரைத் தாக்கிய படைப்புழுவையும் படமே காட்டிக்கொடுக்கும். தலையில் தலைகீழான ‘வை’ எழுத்து வடிவம், வால்பக்கத்தில் சதுரமாக நான்கு கரும்புள்ளிகள் என்பன அதன் அடையாளங்கள். மறுபுறத்தில், முள்ளுமுள்ளாகப் பயமுறுத்தும் பொறிவண்டின் புழு, செடிப்பேனைத் தின்று எமக்கு உதவுவது. வெறுங்கண்ணுக்கு இரண்டும் ‘புழு’ என்பதே ஆபத்து.

படம் பிடிப்பதற்குக் காலை நேரமே உகந்தது. பனி காயுமுன் பூச்சிகள் அதிகம் அசையா. முழங்கையை வரம்பில் ஊன்றி, மூச்சை அடக்கிப் பிடியுங்கள். மேலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று, தலையை ஒன்று, சேதமான இலையை ஒன்று என நான்கு படங்கள் போதும். பூச்சியைப் பிடிக்கவோ கொல்லவோ வேண்டாம். அது எங்கே நின்றது, என்ன செய்தது என்பதும் ஒரு சான்றே. கண்ணிவெடி அகற்றப்பட்டதாக உறுதிசெய்யப்படாத பற்றைக்குள் எக்காரணம் கொண்டும் கால் வைக்க வேண்டாம். எடுத்த படத்தை விவசாயப் போதனாசிரியரிடம் காட்டி, அவர் சொன்ன பின்னரே மருந்தைப் பற்றி யோசியுங்கள்.

எமது மண்ணில் உள்ளவற்றை நாமே இன்னும் சரியாகப் பார்க்கவில்லை. 2009இல் மாங்குளத்தில் ஊரவர் ஒருவர் ஆய்வாளர்களிடம் காட்டிய செத்த மரச்சிலந்தி, அதுவரை உலகம் அறியாத இனமாக இருந்தது. ஏறத்தாழ 8 அங்குல அகலத்திற்குக் கால் விரிக்கும் உயிரினமே பெயரின்றி வாழ்ந்ததென்றால், கடுகளவு உயிர்களைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா?

விதைநெல்லும் மண்வெட்டியும் தந்து உதவும் நிறுவனங்கள், ஒவ்வொரு கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கும் இரண்டு கைவில்லைகளையும் தரட்டும். படம் பிடிக்கும் பொறுப்பை இளைஞரிடமும் பாடசாலைப் பிள்ளைகளிடமும் ஒப்படைப்போம். உயிரினங்களுக்குப் பெயரிடும் பணியை இறைவன் மனிதனிடம் ஒப்படைத்ததாக வேதாகமம் கூறுகிறது. பெயரைக்கூட அறியாமல் அவற்றைக் கொல்வதும், அதற்காகக் கடன்படுவதும் எமக்குத் தகுமா?